ஏணி ஏறிய குழந்தைகள்

ஒரே ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வேகத்தில் யோசனை ஓடாது. இதை ஒப்புக்கொண்டு வகுப்பறையையே மாற்றிய திட்டம் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைமுறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்நின்று நடத்தினார். 2007-08இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது.

கைக்கெட்டும் உயரத்தில் பிள்ளைகளுக்கென்றே கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், சுவரில் கற்றல் ஏணி. தன் படி எதுவென்று ஏணியில் பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைக் குழந்தையே தட்டிலிருந்து எடுத்து வரும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பாடப்புத்தகம் இந்தச் சலுகையைத் தந்ததே இல்லை. தொட்டும் அடுக்கியும் பார்த்துத்தான் சிறு குழந்தை சிந்திக்கிறது என்ற உளவியலாளர் பியாஜேயின் கருத்துக்கும் இம்முறை இசைவானது.

குறை வேறிடத்தில். 42இல் 17ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான் ஒரு பையன். அட்டையைப் பொறுத்தவரை அது தப்பு, திரும்பப் போடு. எப்படிப் போட்டாய் என்று கேட்டால்தான் தெரியும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். எப்போதும் பெரியதிலிருந்தே சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது அவன் கண்டுபிடித்த விதி. அவன் யோசிக்காமல் இல்லை, யோசித்துத்தான் தப்பு செய்கிறான். அந்த விதியை உடைக்க ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். தெரிந்தவர் துணையோடுதான் குழந்தை அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி வலியுறுத்தியதும் இதைத்தான்.

திட்டம் இதை மறக்கவில்லை. ஆசிரியர் துணையோடு படிக்க, சக மாணவர் துணையோடு படிக்க என்று குழுக்கள் பிரித்திருந்தார்கள். ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அந்தத் துணை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஏணியில் எந்தப் படி என்பது பதிவானது, எப்படி ஏறினான் என்பது பதிவாகவில்லை.

அதன் பிறகு, 2022இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறது. பாடலும் கதையும் சேர்ந்திருப்பது நல்லதே. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றவே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். அந்த வேலையை அரசு குறைக்கட்டும். "35 எப்படி வந்துச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்க அவர்களுக்கு நேரம் கிடைக்கட்டும்.