கேட்கத் தெரிந்த நடிகை

வசனம் பேசுவதைவிடக் கடினம், எதிரே இருப்பவர் பேசும்போது அதைக் கேட்பது. அந்த நேரத்தில் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் நடிகர்கள் ஏராளம். ஆங்கிலேய நடிகை பெகி ஆஷ்கிராஃப்ட் கேட்டபடியே ஒரு பாத்திரத்துக்கு உயிர் கொடுத்துவிடுவார்.

1907இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். 1930இல் சவாய் அரங்கில் பால் ராப்சனின் ஒத்தெல்லோவுக்கு டெஸ்டிமோனாவாக நடித்தார். கறுப்பின நடிகரும் வெள்ளைக்காரப் பெண்ணும் மேடையில் கணவன் மனைவியாக வருவதைப் பலரால் பொறுக்க முடியாத காலம் அது. 1935இல் நடிகர்கள் கீல்குட்டும் ஆலிவியரும் ரோமியோவையும் மெர்குஷியோவையும் மாற்றி மாற்றி ஏற்றபோது, இருவருக்கும் ஜூலியட் அவர்தான். கவிதையை இசைபோலச் சொல்பவர் ஒருவர், பேச்சாகச் சொல்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஈடுகொடுக்க எவ்வளவு கூர்மையான காது வேண்டும்!

1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' நாடக வரிசையில் அரசி மார்கரெட்டை இளம்பெண்ணாகத் தொடங்கிக் கிழவியாக முடித்தார். அப்போது அவருக்கு வயது 55.

பலருக்கு அவரைத் தெரிவது 1984இல் வந்த இரண்டு படைப்புகளால்தான். டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா'வில் மிஸஸ் மூர். தொலைக்காட்சித் தொடரான 'தி ஜுவல் இன் தி கிரௌன்'இல் ஓய்வுபெற்ற மிஷன் ஆசிரியை பார்பி. ஒரே ஆண்டில், இந்தியாவுக்கு வந்த இரண்டு ஆங்கிலேய மூதாட்டிகள். பார்பி பேச்சை நிறுத்தவே தெரியாதவர், தன்னை யாரும் கேட்பதில்லை என்பதால் மேலும் பேசுகிறவர். மிஸஸ் மூரோ கேட்பவர். இரவில் மசூதிக்குள் அஜீஸ் என்ற இளைஞர் அவர்மேல் கோபத்தில் கத்துகிறார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்று மிஸஸ் மூர் அமைதியாகச் சொல்கிறார். அதன்பின் அந்த இளைஞர் பேசுவதை அவர் கேட்கும் விதம்தான் படத்தின் நட்பு முழுவதையும் நம்ப வைக்கிறது. அப்படிக் கேட்பவர் என்பதால்தான், பின்னர் ஒரு குகைக்குள் எழும் எதிரொலி அவரை அவ்வளவு குலைக்கிறது. நம் நீலகிரி மலை ரயிலும் ஓடும் அந்தப் படத்துக்காக 77 வயதில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். அந்தப் பிரிவில் இன்றுவரை அவரே மிக மூத்தவர்.

ஆனாலும் என் தேர்வு, ஹிட்ச்காக்கின் '39 ஸ்டெப்ஸ்' (1935). ஸ்காட்லாந்துக் குடிசையில் சந்தேகக்காரக் கணவன் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறான். விருந்தாளி போலீஸ் தேடும் ஆள் என்பதை மேஜைமேல் கிடக்கும் செய்தித்தாளில் அவன் மனைவியாக நடிக்கும் ஆஷ்கிராஃப்ட் பார்த்துவிடுகிறார். ஜெப வார்த்தைகளுக்கு நடுவே இரண்டு பேரின் கண்கள் மட்டும் பேசுகின்றன. அவருக்கு அந்தப் படத்தில் சில நிமிடங்களே. அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியை இரண்டாம் முறை பார்க்கும்போது, கதையை விட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.