மிஞ்சிய மருந்தும் மனத்தின் வெக்கையும்

இயல்பான நடத்தை எது, இயல்பு பிறழ்ந்த நடத்தை எது என்னும் வினா உளநூலாருக்கு மட்டும் உரியதன்று. இலக்கியமும் அதனைத் தன் வழியில் கேட்டு வருகிறது. பூமணியின் ‘வெக்கை’ (1982) அவ்வினாவைக் கரிசல் மண்ணில் நிறுத்திக் கேட்கும் நாவல். பூமணி கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியில் பிறந்தவர். அவர் எழுதிய வெயில்தான் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தின் மீதும் காய்கிறது. ஆதலின் பட்டாசு ஆலைகளுக்கு நடுவே வாழும் நம்மவர் இதனை அயலார் கதையென்று படித்துவிட இயலாது.

கதை சுருக்கமானது. தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான நிலக்கிழார் வடக்கூரானின் கையை வெட்டிவிட வேண்டும் என்றே 15 வயதுச் சிதம்பரம் அரிவாளை ஓங்குகிறான், ஆளே மடிந்துபோகிறார். தந்தையும் மகனும் ஊரை விட்டோடி எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகின்றனர். முடிவில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர்.

விரக்தியே வன்செயலுக்கு வித்து என்று 1939இல் ஜான் டொலார்டும் அவருடைய யேல் பல்கலைக்கழகத் தோழர்களும் எழுதினர். அவர்களுள் ஒருவரான நீல் மில்லர் 1941இல் அதனைத் திருத்தினார்: விரக்தி பல விளைவுகளைத் தூண்டும், வன்செயல் அவற்றுள் ஒன்று மட்டுமே. இத்திருத்தத்தின் உண்மையைப் பூமணியின் இரு படைப்புகளைச் சேர்த்து நோக்கினால் உணரலாம். ‘வெக்கை’யில் விரக்தி அரிவாளாகிறது. அவரே இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படத்திலோ அது தலைகுனிகிறது. பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிலுக்கு அனுப்பி வைக்கிறது. முன்னதை உலகம் பிறழ்வு என்கிறது. பின்னதை இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையின் கல்வியையும் நலத்தையும் விலையாகத் தரும் பணிவு எவ்வாறு இயல்பாகும்?

நாவலின் சிறப்பு, கொலை செய்த சிறுவனைக் கொடியவனாகவும் காட்டாமல் வீரனாகவும் காட்டாமல் விட்டதில் இருக்கிறது. அவனுக்குப் பசிக்கிறது, உறக்கம் வருகிறது, தாயின் நினைவு வாட்டுகிறது. தந்தை அவனை அடிக்கவுமில்லை, தட்டிக்கொடுத்துப் புகழவுமில்லை. சமைத்துத் தருகிறார், பேசுகிறார், பழங்கதைகளைச் சொல்கிறார். கொதித்த உள்ளம் ஆறுவதற்கு உணவும் உரையாடலும் உடனிருப்பும் வேண்டும் என்பதை எந்த அறிவுரையும் இன்றி நாவல் நமக்கு உணர்த்துகிறது. இதனைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ (2019) தந்தையைச் சண்டைக்குரிய நாயகனாக்கி, பார்ப்போரின் ஆத்திரத்திற்கு வடிகால் தந்தது. நாவல் அவ்வடிகாலை மறுக்கிறது. அம்மறுப்பே அதன் வலிமை.

குறையும் இல்லாமலில்லை. வடக்கூரான் வீட்டில் எழுந்த ஒப்பாரி நம் காதில் விழுவதேயில்லை. கொடியவனாயினும் அவனும் ஒருவருக்கு மகன். அவ்வழுகைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், பழிக்குப் பழி என்னும் சுழலின் முழு வட்டத்தையும் நாம் கண்டிருப்போம். காயீனின் உயிருக்கும் காவல் அடையாளம் இடப்பட்டதை அறிந்த நமக்கு இவ்விடைவெளி உறுத்தவே செய்யும்.

பட்டாசுத் தொழிலாளர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். கலந்ததை அன்றன்றே செலுத்திவிட வேண்டும். மிஞ்சியதை இரவில் வைத்திருக்கலாகாது. வைத்திருந்தால் அது தானே சூடேறி, மறுநாள் காலையில் தொட்டவன் கையில் வெடிக்கக்கூடும். மனத்தாங்கலும் அத்தகையதே.

05-09-2012 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018இல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பல குடும்பங்கள் கூலியிழந்தன. இழந்தவர்களிடம் “எல்லாம் விதி, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பது எளிது. அப்படிச் சொல்லும்போது நாமே மிஞ்சிய மருந்தை இரவில் பூட்டி வைக்கிறோம். அது அரிவாளாக வெளிப்படாவிடினும் குடியாக, மனைவி மேல் விழும் அடியாக, தற்கொலையாக வெளிப்படக்கூடும்.

வாய்மூடிக் கிடப்பதெல்லாம் பொறுமையன்று, குரலுயர்த்துவதெல்லாம் பிறழ்வுமன்று. துயரைச் சொல்ல ஓரிடமும், கேட்க ஒரு செவியும், நியாயம் கேட்க ஒரு மன்றமும் உள்ள ஊரில் விரக்தி ஆறும். சிதம்பரத்துக்கு அம்மூன்றும் வெட்டிய பின்னரே கிடைத்தன. வெட்டுமுன் அவற்றைத் தருவது யார் பொறுப்பு என்று நாவல் வாய்விட்டுக் கேட்கவில்லை. படித்து முடித்த நாம் கேட்டாக வேண்டும்.