புலிக்கு ஹெல்த் கிடையாது

தனியாக ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் எதிராளி என்று ஒருவர் கிடையாது. விதிப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வரும் ஒரு பட்டியல்தான் எதிராளி. மேசைமேல் கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள், தெர்மாகோலில் வெட்டிய பாறைகள், ஓர் இருபது முகப் பகடை, ஓர் அளவு நாடா. நம் ஆட்களை நாம் நகர்த்துகிறோம். அப்புறம் மிருகத்தின் முறை. அதையும் நாமேதான் நகர்த்த வேண்டும், ஆனால் நம் இஷ்டத்துக்கு இல்லை, பட்டியல் சொல்கிறபடி.

ஜோசஃப் மெக்கல்லோவின் ஃப்ராஸ்ட்கிரேவ் 2015இல் வந்தது. அதில் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத மிருகத்துக்கு மூன்றே கேள்விகள். சண்டையில் இருக்கிறதா? சண்டையைத் தொடரும். பத்து அங்குலத்துக்குள் கண்ணில் படும்படி யாராவது நிற்கிறார்களா? அவரை நோக்கிப் போகும். இரண்டும் இல்லையா? ஏதோ ஒரு திசையில் நகரும். தனியாகவோ கூட்டாகவோ ஆடுவதற்கென்றே 2018இல் அவர் கொண்டுவந்த ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப்பிலும் ஏறக்குறைய இதே எலும்புக்கூடுதான். நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ரெண்டு இஃப், ஒரு ரேண்டம். ஒரு கரடி முடிந்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சண்டைக்கு இது போதும். என் கையாலேயே நகர்த்துகிற கரடி திடீரென்று பின்னால் நிற்கும் வில்லாளியின் பக்கம் திரும்பும்போது நிஜமாகவே வயிற்றில் ஏதோ செய்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காட்சியின் இலக்கு 'கொல்' என்பதிலிருந்து 'உயிரோடு பிடி' என்று மாறும்போதுதான் இந்த விதிகளின் மொழி எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. நான் ஆடிப் பார்த்த பிடிக்கும் காட்சிகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன: மிருகத்தை அடி, அதன் ஹெல்த் பூஜ்யமாகட்டும், விழுந்ததும் 'பிடிபட்டது' என்று எழுதிக்கொள். வலை வீச ஒரு பகடை, கயிறு கட்ட இன்னொரு பகடை என்று சிலர் ஜோடிப்பார்கள். அடியில் இருப்பது கொலைதான், லேபிளைத்தான் மாற்றியிருக்கிறார்கள். அந்த உலகத்தில் ஒரு மிருகத்தைப் பற்றிச் சேமித்து வைத்திருப்பதில் நாம் கைவைக்கக்கூடியது ஒரே ஓர் எண். அதைக் குறைக்கலாம், கூட்டலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

பிடிப்பது என்பது கொல்வதன் மிருதுவான வடிவம் இல்லை. அது வேறு வினை. இதை ஒரு விளையாட்டு எப்படிச் சொல்லும் என்று தேடி இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் கோடு கிழித்து வைத்திருக்கும் ஆடு புலி ஆட்டம் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடு புலியை வெட்ட முடியாது. எந்த நிலையிலும் முடியாது. புலிக்கு ஹெல்த் கிடையாது, காயம் கிடையாது, சாவு கிடையாது. பதினைந்து ஆடும் இறங்கி முடிகிறவரை வைத்த ஆடு நகரவும் கூடாது. ஆடுகள் ஜெயிக்க ஒரே வழி, மூன்று புலிகளுக்கும் போக இடமில்லாமல் செய்வது. என் தொழில் பாஷையில், புலியின் அடுத்த நகர்வுகளின் பட்டியல் காலியாக வேண்டும். பிடிபடுதலுக்கு இதைவிடச் சரியான வரையறையை நான் எந்த விதிப்புத்தகத்திலும் படித்ததில்லை.

தளவானூரில் எங்கள் ஆயா மதியம் ஆள் கிடைக்காவிட்டால் திண்ணையில் கரிக்கோடு போட்டுத் தானே இரண்டு பக்கமும் ஆடும். ஆடு பக்கம் உட்கார்ந்து ஒரு கல் வைக்கும், எழுந்து சுற்றிவந்து புலி பக்கம் உட்காரும். எதற்கு ஆயா எழுந்து போறே, கையை நீட்டி வைக்கலாமில்ல என்று கேட்டால், "அங்க போய்ப் பார்த்தாதாண்டா அதுக்கு வழி தெரியும்" என்று சொல்லும். தனியாட்டத்தில் மிருகத்தைப் பட்டியலிடம் ஒப்படைத்ததில் நாம் இழந்தது இந்த எழுந்து போவதைத்தான். (செஞ்சிக்காரர்களுக்கு ஓர் இடைச்செருகல்: மூன்று மலை, முக்கோணமாய்ச் சுற்றிவரும் மதில், ஏழு வருஷத்துக்கு மேல் முகலாயப் படை வைத்த முற்றுகை. 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. ஆடுகள் எங்கோ ஒரு புள்ளியை விட்டுவிட்டன.)

ஆனால் ஆடு புலி ஆட்டத்துக்கும் ஒரு போதாமை உண்டு. புலிக்குப் பசி மட்டும்தான் இருக்கிறது, ஊர் இல்லை. எந்தப் புள்ளியில் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். நிஜ மிருகம் அப்படி இல்லை. 2019 ஜனவரி 25 அன்று கோவை தடாகம் பகுதியில் சின்னத்தம்பி யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். நம் விளையாட்டுக் கணக்கில் அங்கேயே காட்சி முடிந்துவிட்டது. எண் பூஜ்யம், ஆள் ஜெயித்தாச்சு. சின்னத்தம்பிக்கு முடியவில்லை. காட்டைவிட்டு இறங்கி, நாள்கணக்கில் நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து நின்றது. நீதிமன்றம் வரை போன பிறகு பிப்ரவரி 15 அன்று மறுபடியும் பிடித்தார்கள். இரண்டாவது முறை காட்டில் விடவில்லை, வரகளியாற்றில் மரக்கூண்டு. பிற்பாடு அதையே கும்கியாகப் பழக்கி வேறு யானைகளை விரட்டக் கூட்டிப்போனார்கள். தனியாட்டங்களில் பிடிபட்ட மிருகம் அடுத்த காட்சியில் நம் கூட்டாளியாக வருவதைப் பரிசு என்பார்கள். சின்னத்தம்பியின் கதையைப் படித்த பிறகு அந்தப் பரிசு வரியை என்னால் சாதாரணமாகத் தாண்ட முடிவதில்லை.

பட்டினப்பாலையை எழுதிய உருத்திரங்கண்ணனாருக்கு இது தெரிந்திருக்கிறது. பகைவர் சிறையிலிருந்து கரிகாலன் வெளியேறியதைச் சொல்ல அவர் குழியில் விழுந்த யானையைக் கொண்டுவருகிறார். அந்த யானை கரையைக் குத்திச் சரித்து, குழியைத் தூர்த்து, மேலேறித் தன் பிடியிடம் போய்ச் சேர்கிறது. கவனித்துப் பாருங்கள், தப்பித்தது என்று அவர் நிறுத்தவில்லை. எங்கே போனது என்பதும் சேர்ந்தால்தான் அந்த உவமை முழுசாகிறது. பகடை காட்டும் திசையில் நகரும் யானை அல்ல அது.

இதெல்லாம் கற்பனை மிருகம்தானே, அதற்கு எதற்கு ஊரும் உறவும் என்று நண்பன் ஒருவன் கேட்டான். தளவானூர்க் குடைவரைக்கு வா என்றேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயரால் சத்ருமல்லேஸ்வரம் என்று குடைவித்தது. அதன் முகப்பில் மகர தோரணம் இருக்கிறது. மகரம் யாரும் பார்த்திராத பிராணி, முதலையும் யானையும் இன்னும் என்னென்னவோ சேர்ந்தது. அப்படியும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது: அது நீர்வாழ் உயிர். சிற்பி உடம்பை எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம், அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாது. நம் விதிப்புத்தகங்களில் வரும் பூதக்கரடிக்கும் மூன்றுகண் ஓநாய்க்கும் உடம்பைப் பற்றிய வர்ணனை பக்கம் பக்கமாக உண்டு. எதைத் தேடிப் போகும் என்று ஒரு வரி இருக்காது.

அதனால் போன மாதம் ஒரு காட்சியைத் திருத்தி ஆடினேன். மிருகத்தின் ஹெல்த்தை அடித்துவிட்டேன். என் ஆட்கள் நால்வர் கையிலும் தீப்பந்தம். பந்தம் நிற்கும் திசையில் மிருகம் போகாது. அதன் பட்டியலில் முதல் கேள்வியாக, ஓடைக்கு வழி திறந்திருக்கிறதா என்பதைச் சேர்த்தேன். திறந்திருந்தால் பகடையே வேண்டாம், அந்தப் பக்கம்தான் போகும். ஆட்டம் மெதுவாகிவிட்டது, பாதியில் அலுப்பும் தட்டியது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றிப்போய் மிருகத்தின் உயரத்துக்குக் குனிந்து ஓடை தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது சுற்றில் ஓடைப் பக்கம் கடைசிப் பந்தத்தை வைத்தேன். அடுத்து மிருகத்தின் முறை. பழக்கத்தில் கை நீண்டு பொம்மையைத் தூக்கிவிட்டது. தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.