ஊக்கம் இல்லை என்ற பழி

சுவாமி விபுலானந்தரின் நினைவு நாளான யூலை 19 வந்துவிட்டால், மட்டக்களப்பு மேடைகளில் அடிகளாரின் வாழ்க்கை ஊக்கப் பேச்சாகிவிடுகிறது. விஞ்ஞானம் படித்தார், பண்டிதரானார், துறவியானார், பேராசிரியரானார், ஐம்பதைக் கடந்தும் யாழை ஆராய்ந்தார். உங்களால் மட்டும் ஏன் முடியாது? வளர்ந்தோருக்கான டிப்ளோமா வகுப்புகளின் தொடக்க விழாவிலும் இதே பேச்சுத்தான்.

அதைக் கேட்டு நாற்பது வயதில் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். பதவி உயர்வுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் சான்றிதழ் உதவுகிறது. வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வரும் தாய்மாருக்கு வகுப்பு நேரமே ஒரு விடுதலை. எல்லாம் சரி. ஆனால் படிப்பு இடையில் நின்றுபோனால், இந்தப் பேச்சு முழுப் பழியையும் படிக்க வந்தவரின் தலையில் கட்டிவிடுகிறது. அவருக்கு ஊக்கம் போதவில்லையாம். பல காலமாக எனக்குள்ள முறைப்பாடு இதுதான்.

அடிகளாரையே எடுத்துக்கொள்வோம். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். பள்ளிகளை நடத்தும் சுமை அவருக்கு இருந்தது. மனைவி மக்களுக்காக உழைக்கும் கட்டாயம் இருக்கவில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானபோது, இசை கற்பிக்கும் வல்லுநர்கள் அதே வளாகத்தில் இருந்தார்கள். அவரது ஆராய்ச்சி நூலான ‘யாழ் நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். மடம், பல்கலைக்கழகம், சங்கம் என்று மூன்று தோள்கள் அந்த உழைப்பைத் தாங்கின. மூன்றையும் மறைத்துவிட்டு, மிச்சத்துக்கு ஊக்கம் என்று பெயர் சூட்டி வாவிக்கு மறுகரையான படுவான்கரையின் விவசாயியிடம் நீட்டுகிறோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த விவசாயி வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனும் மிதவைக்குக் காத்து நின்றவர்.

அந்த விவசாயிக்குப் படிக்க வராது என்றும் சொல்ல முடியாது. வெள்ளாமை வெட்டி முடிந்ததும் ஊரில் கூத்துப் பழகத் தொடங்கினால் அவரைப் பாருங்கள். சட்டம், அதாவது பாட்டு ஏடு, கொடுக்கும் நாளில் அவர் ஆடவேண்டிய பாத்திரம் முடிவாகிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கைவைத்தபடி பாட்டை எடுத்துக்கொடுக்க, அவர் அதைத் திருப்பிப் பாடித் தாளக்கட்டுக்கு ஆடவேண்டும். கால் பிசகினால் மத்தளம் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. பகலெல்லாம் வேலை செய்த உடம்போடு மாதக்கணக்கில் இரவுகளில் இப்படிப் பழகி, விடிய விடிய ஆடும் கூத்தில் தன் பங்கு முழுவதையும் மனப்பாடமாக்கிவிடுகிறார்.

இந்தக் கூத்துக் களரியில் யாரும் ஊக்கப் பேச்சு நடத்துவதில்லை. அவர் ஓரிரவு வராவிட்டால் எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லை என்பதால் கூட்டாளி வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுவான். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாயிற்று. முழு ஊரும் வட்டக்களரியைச் சுற்றி உட்காரப் போகிறது. அதில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுகள் தெரியும். அவர் கற்றதைக் கேட்க மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். கற்கும் ஆசையை உயிரோடு வைத்திருப்பது இந்தக் காத்திருப்புத்தான்.

களரிக்கும் குறை உண்டு. மரபில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். வாசலில் வந்து கூப்பிட யாரும் இல்லாததால் பெண்கள் வெளியே நின்றார்கள். கிழக்குப் பல்கலைக்கழகமும் கல்லடி சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் இடம் கொடுத்ததும் மாணவிகள் ஆடினார்கள். இடம் கிடைத்தது, ஆட்டமும் வந்தது. இதற்குமேல் சான்று வேண்டுமா?

இனி டிப்ளோமா வகுப்புக்கு வருவோம். சனி, ஞாயிறுகளில் ஒரு லிகிதர் கணினிக் கணக்கியல் படிக்கிறார். திங்கட்கிழமை அலுவலகத்தில் அதே பேரேட்டைப் பேனாவால்தான் எழுதவேண்டும். கணினி இன்னொருவரின் மேசையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் படித்தது மறந்துபோகிறது. அடுத்த பட்டறையில் ஒரு வளவாளர் வந்து, நம்மவர்களுக்குத் தொடர்ந்து கற்கும் மனப்பாங்கு இல்லை என்று திரையில் படம் போட்டு விளக்குகிறார். பகலுணவுப் பொதியும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். அரச ஊழியர்களின் தடைதாண்டல் பரீட்சைக்குப் படித்ததும் இப்படித்தான் பரீட்சை மண்டபத்தோடு முடிகிறது. கேட்பார் இல்லாத படிப்பை ஆயுள் முழுக்கத் தொடரச் சொல்வது அறிவுரை அல்ல, அதட்டல்.

ஆகவே வகுப்பு நடத்துவோர், படிக்க வருகிறவரின் மனதைத் திருத்துவதற்கு முன்னால் அவருடைய அலுவலகத்துக்குப் போகட்டும். படித்து முடித்ததும் இவரிடம் எந்த வேலையைத் தருவீர்கள் என்று கேட்டு, மேலதிகாரியின் பதிலை எழுத்தில் வாங்கட்டும். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் வகுப்பைத் தொடங்க வேண்டாம். பேச்சாளருக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும்.