‘சொல்லாத சேதிக’ளும் பெண்களின் கூட்டுச் செயற்பாடும்

ஈழத்துப் பெண்நிலைவாதக் கவிதையை ஆராய்வோர் ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். எனினும், பத்துக் கவிஞர்தம் அந்தரங்க உணர்வுகளின் திரட்டாக மட்டும் அதனை நோக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்து. 1986 இல் யாழ்ப்பாணத்தில் அதனை வெளியிட்டது பெண்கள் ஆய்வு வட்டமாகும். தனியொருத்தியின் விதியெனக் கொள்ளப்பட்ட துயரைச் சமூகப் பிரச்சினையாக இனங்காணும் கூட்டு முயற்சியின் வெளிப்பாடே இந்நூல் எனலாம்.

இதன் முக்கியத்துவத்தை உணர, அக்காலப் பெண்களின் மற்றோர் எழுச்சியுடன் ஒப்பிடுதல் தகும். 1984 இல் வடக்கில் தோன்றிய அன்னையர் முன்னணி, கைதான இளைஞரின் விடுதலையைக் கோரிப் பெண்களை வீதிக்குக் கொணர்ந்தது. அதன் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அங்கு பெண்ணுக்குப் பேசும் தகுதியை அளித்தது தாய்மையே. தாயென்ற நிலைக்கு அப்பால், பெண் என்ற நிலையில் அவள் எதனைக் கோரலாம்? சீதனத்தையும் கற்பு பற்றிய நியதிகளையும் குடும்பத்துள் நிலவும் ஆதிக்கத்தையும் எவ்வாறு வினாவுக்குட்படுத்தலாம்? இவற்றைக் கவிதைக்குரிய பொருளாக்கியமையே தொகுதியின் சாதனை.

குறைபாடும் உண்டு. இதில் ஒலிப்பது பெரிதும் கல்விகற்ற மத்தியதர வர்க்கப் பெண்ணின் குரல். கொழுந்து பறிப்பவளும் புகையிலைத் தோட்டத்திற் கூலிக்கு உழைப்பவளும் தம் மொழியிற் பேசக் கேட்கிலோம்.

தொகுதியின் கவிஞருள் சிவரமணி 1991 இல் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிர்நீத்தார். அதே ஆண்டில் செல்வி விடுதலைப் புலிகளாற் கடத்தப்பட்டார். எனவே, கவிதையைப் போற்றுவதுடன் விமரிசகரின் கடமை முடிந்துவிடாது. பெண்கள் அச்சமின்றிக் கூடிப் பேசும் களத்தைப் பேணுவதும் எமது கடனாகும்.