நினைவு கூர்தல் மருந்தாகுமா?

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அன்று இருபது வயதைத் தாண்டியிருந்த தொழிலாளி இன்று எழுபத்தைந்தைக் கடந்த முதியவர். அவரை மறதி நோய் பற்றியிருப்பதாகக் கொள்வோம். காலையில் உண்ட இட்லியை அவர் மறந்துவிடக் கூடும். முதற் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் கூடும். இது எப்படி?

மூளையில் புதிய செய்திகளை நினைவாகப் பதியச் செய்யும் பகுதி ஹிப்போகாம்பஸ் ஆகும். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே இதைத் தாக்குகிறது. எனவே புதியவை முதலில் மறைகின்றன. பழையவை நெடுநாள் நிற்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-இலேயே இதை எடுத்துக் காட்டினார். மேலும், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன.

எஞ்சி நிற்கும் இந்நினைவுகளைப் படம், பாட்டு, பழம்பொருள் ஆகியவற்றால் தூண்டிப் பேசவைப்பதே நினைவு கூர்தல் சிகிச்சை. பழங்கதை பேசுவது கிழவர்களின் வெற்றுப் புலம்பல் அன்று, முதுமையின் இயல்பான மனவேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். இச்சிகிச்சைக்கு அக்கட்டுரையே பெரும் தூண்டுதலாயிற்று.

இதுவரை சரி. ஆனால், 'பழையதைப் பேசினால் போன நினைவு திரும்பும்' என்று யாரேனும் கூறினால் நாம் ஏற்கலாமா? ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த பின்னரே முடிவு எழுதுகிறோம் அல்லவா? இங்கும் அவ்வாறே செய்வோம்.

1,972 நோயாளிகள் பங்கேற்ற 22 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2018-இல் தொகுத்து ஆராய்ந்தது. அறிவாற்றலில் தோன்றிய முன்னேற்றம் மிகச் சிறிது. அன்றாட வாழ்வில் உணரத்தக்கது என்று கூற இயலாத அளவே. குழுவாகப் பேசியவர்களிடம் உரையாடும் திறன் சற்றுக் கூடியது. நோயாளியையும் கவனிப்பவரையும் சேர்த்து அமர்த்தி பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2012-இல் வெளிவந்தது. அதில் 488 இணைகள் பங்கேற்றன. நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் உயரவில்லை. கவனிப்பவர்களின் மனக்கவலையோ சிறிது கூடியிருந்தது!

அப்படியானால் இது பயனற்றதா? இல்லை. தவறு முறையில் இல்லை, நாம் அதனிடம் கேட்பதில் உள்ளது. இழந்த நினைவை மீட்கும் மருந்தாக அது தோற்கிறது. பேச்சற்றுப் போனவரோடு பேசுவதற்கு ஒரு வழியாக அது உதவுகிறது.

ஆனால் வழி அவருடையதாக இருக்க வேண்டும். லண்டன் டிராம் வண்டியின் படம் திருவொற்றியூர்க்காரருக்கு என்ன சொல்லும்? பிரிட்டனில் உருவான அறிவுத் தூண்டல் சிகிச்சையை நம் பண்பாட்டுக்கேற்ப மாற்றிச் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் சோதித்த முன்னோடி ஆய்வு 2017-இல் வெளியானது இக்காரணம் பற்றியே. பழைய ரேஷன் அட்டை, ஆலையின் அடையாள வில்லை, எண்ணூர்க் கடற்கரைப் படம் ஆகியவை இங்கே பொருத்தமான கருவிகள்.

வீட்டில் முயல விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "இது யார், சொல்லு தாத்தா?" என்று வினாத்தாள் நீட்டாதீர்கள், விடை தெரியாதபோது அவர் கூனிக் குறுகுவார். "இந்தச் சைக்கிளில் எங்கெல்லாம் போனீங்க தாத்தா?" என்று கேளுங்கள். ஆண்டும் பெயரும் தவறினால் திருத்த வேண்டுவதில்லை. நிலமோ பிள்ளையோ இழந்த நினைவு வந்து அவர் கண் கலங்கினால், அந்தப் பேச்சைத் தொடர்வதா விடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.