இரண்டு நிமிடப் பேச்சின் எடை

இருமலுக்கு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, நோயாளி நாற்காலியை விட்டு எழும் நேரத்தில் "சிகரெட்டை விட்டுடுங்க" என்று குடும்ப மருத்துவர் சொல்வதால் ஏதாவது நடக்கிறதா? லண்டன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவ நிறுவனத்தில் இருந்த மைக்கேல் ரஸ்ஸலும் சகாக்களும் இதை அளந்து, 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த புகழ் முழுவதும் அதற்கு உரியதா என்பதே என் கேள்வி.

லண்டனில் ஐந்து கிளினிக்குகள், 28 மருத்துவர்கள். நான்கு வாரங்களில் வந்த 2138 புகைப்பவர்களை நான்காகப் பிரித்தார்கள். முதல் குழுவை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது குழு கேள்வித்தாளை மட்டும் நிரப்பியது. மூன்றாவது குழுவிடம் மருத்துவர் ஓரிரு நிமிடம் பேசி, விடச் சொன்னார். நான்காவது குழுவுக்கு அந்தப் பேச்சோடு ஒரு துண்டுப் பிரசுரம். பிறகு விசாரிப்போம் என்ற தகவலும் உண்டு. முதல் மாதத்திலேயே விட்டு, ஓராண்டுக்குப் பிறகும் தொடாமல் இருந்தவர்கள் முறையே 0.3, 1.6, 3.3, 5.1 சதவீதம்.

இதிலிருந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குதான் ஊரெல்லாம் பரவியது. ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்கு 25 பேர். பிரிட்டனின் எல்லாக் குடும்ப மருத்துவர்களும் இறங்கினால் ஐந்து லட்சத்துக்கு மேல். புகைப்பதை விட உதவ அன்று இருந்த ஐம்பது சிறப்பு கிளினிக்குகளைப் பத்தாயிரமாகப் பெருக்கினாலும் இதை எட்ட முடியாது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடித்தளமான அந்த 0.3ஐப் பாருங்கள். அந்தக் குழுவில் அது ஒன்றிரண்டு பேருக்கு மேல் வராது. இன்னும் இருவர் கூடுதலாக விட்டிருந்தால் ஒப்பீடே மாறியிருக்கும்.

தவிர, ஓராண்டு முடிவில் போதிய தகவல் தந்தவர்கள் 1567 பேர்தான். நூற்றுக்கு 27 பேர் கைநழுவினார்கள். பதில் தராதவரைப் புகைப்பவராகவே எண்ண வேண்டும் என்பது பின்னாளில் இத்துறையில் விதியானது. அந்த விதித்தொகுப்புக்கு வைத்த பெயர் 'ரஸ்ஸல் அளவுகோல்'. இவர் பெயரேதான்!

பெரிய அடி சொந்த வீட்டிலிருந்தே வந்தது. 1983இல் இதே குழுவினர் 34 மருத்துவர்கள், 1938 புகைப்பவர்களுடன் மறுபடி பார்த்தார்கள். ஒன்றும் செய்யாத குழுவில் 3.9 சதவீதம் விட்டார்கள். அறிவுரையும் கையேடும் பெற்றவர்களில் 4.1. நிகோடின் சூயிங்கம்மும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் 8.8. வெற்றியை அளந்த வரையறை இரண்டு ஆய்வுகளிலும் ஒன்றல்ல. எனவே எண்ணுக்கு எண் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் வெறும் பேச்சு ஐந்து லட்சம் பேரை மீட்கும் என்ற நம்பிக்கை இதற்குப் பிறகு நிற்காது.

அப்படியானால் 1979 கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அறிவுரை, முயன்றவர்களின் வெற்றி விகிதத்தை உயர்த்தவில்லை. முயல்பவர்களின் எண்ணிக்கையை உயர்த்தியது என்று அவர்களே கண்டு சொன்னார்கள். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மருத்துவரின் சொல் மருந்து அல்ல, உந்துதல். உந்துதல் சிறிதானாலும், கிளினிக்குக்கு வரும் கூட்டம் பெரிது. சிறப்பு கிளினிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் படாத கணக்கு அது.

நியாயமான ஒப்பீடு நடுவில் இருக்கிறது. கேள்வித்தாள் மட்டும் பெற்றவர்கள் 1.6, அறிவுரையும் பெற்றவர்கள் 3.3. வித்தியாசம் 1.7. பல பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்த காக்ரேன் மதிப்பாய்வு, சுருக்கமான அறிவுரையால் கூடுதலாக விடுபவர்கள் 1 முதல் 3 சதவீதம் என்கிறது. ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். ரஸ்ஸலின் கட்டுரையில் நிற்பது அந்த 1.7தான்.